பங்குனியில் ஆடுகிறவர் ஐப்பசியில் எப்படிப் பிழைப்பார்?

பங்குனி பிறந்துவிட்டால் விருதுநகர் மாவட்டத்து வெம்பக்கோட்டை ஒன்றிய ஊர்களில் பொங்கல் சாட்டத் தொடங்கிவிடுவார்கள். தாயில்பட்டியும் அப்படித்தான். ஊர் கூடித் தலைக்கட்டு வரி போடும். அந்த வரிப் பணத்தில்தான் பந்தல், மைக்செட், சீரியல் லைட், நையாண்டி மேளம், கரகாட்டம் எல்லாம். கையில் கொஞ்சம் மிஞ்சினால் ஒரு ராத்திரி வில்லுப்பாட்டு, அல்லது வள்ளி திருமணம் நாடகம். வரி கொடுப்பவர் யார்? திரி வெட்டும் ஷெட்டிலும், மணி மருந்து செலுத்தும் அறையிலும், வெயிலில் வெடி காயப்போடும் களத்திலும் கூலிக்கு நிற்பவர். கரிசல் மண்ணில் நாட்டுப்புறக் கலையின் முதல் புரவலர் பட்டாசுத் தொழிலாளிதான். அரசு அவருக்கு அடுத்த இடத்தில், வெகுதூரம் தள்ளி நிற்கிறது.

தொழிலாளி தளர்ந்தால் கலையும் தளரும் என்பதற்கு அண்மைக்காலச் சான்றுகள் உண்டு. 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் பேரியம் கலந்த பட்டாசுக்கும் சரவெடிக்கும் தடை விதித்தது. ஆலைகள் மாதக்கணக்கில் மூடிக் கிடந்தன. கூலி இல்லாத வீட்டில் தலைக்கட்டு வரியை எப்படிக் கேட்பது? அடுத்து கரோனா வந்தது. 2020, 2021 இரண்டு ஆண்டும் ஊர்த் திருவிழாக்கள் பெரும்பாலும் முடங்கின. ஆண்டு வருமானத்தில் பெரும்பகுதியைப் பங்குனி தொடங்கி மூன்று நான்கு மாதங்களிலேயே சம்பாதிக்கும் மேளக்காரரும் ஆட்டக்காரரும் அடுத்தடுத்து இரண்டு பருவங்களை இழந்தார்கள்.

கலைக்கு அரசு ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்வது நியாயமாகாது. 1955இல் தமிழ்நாடு சங்கீத நாடக சங்கமாகத் தொடங்கியதுதான் இன்றைய இயல் இசை நாடக மன்றம். 1991இல் கலை பண்பாட்டுத் துறை தனித் துறையானது. 2007இல் நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியம் வந்தது. நலிந்த நிலையில் உள்ள முதிய கலைஞர்களுக்கு மாதம் 3,000 ரூபாய் உதவித்தொகை வழங்கப்படுகிறது. இசைக்கருவியும் ஆடை அணிகலனும் வாங்க 10,000 ரூபாய் தரும் திட்டமும் இருக்கிறது. மாவட்டக் கலை மன்றங்கள் கலை இளமணி முதல் கலை முதுமணி வரை விருதுகள் தருகின்றன. சென்னை சங்கமம் 2023 பொங்கலுக்கு மறுபடி உயிர்பெற்றது. அந்த ஆண்டு நிதிநிலை அறிக்கையில் அவ்விழாவை எட்டு நகரங்களுக்கு விரிவாக்கவும், 25 பகுதிநேர நாட்டுப்புறக் கலைப் பயிற்சி மையங்கள் தொடங்கவும் 11 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது.

ஒன்றிய அரசின் கணக்கு இதைவிடச் சுருக்கம். 2025-26இல் மொத்தச் செலவு ஏறத்தாழ 50.65 லட்சம் கோடி. பண்பாட்டு அமைச்சகத்துக்குச் சுமார் 3,360 கோடி. நூறு ரூபாய்க்கு ஏழு காசுகூடத் தேறவில்லை. அதிலும் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தொல்லியல் துறைக்குப் போய்விடுகிறது.

தொகை சிறிது என்பது பழைய புகார். என் கவலை தொகையைவிட அது செலவாகும் விதத்தைப் பற்றியது. அரசின் கலைச் செலவு பெரும்பாலும் ஒரு நாளை, ஒரு மேடையை, ஒரு கட்டடத்தைச் சார்ந்தது. விழாவுக்கு ஒரு நாள், விருதுக்கு ஒரு நாள், நினைவிடத் திறப்புக்கு ஒரு நாள். கலைஞருடைய வாழ்க்கையோ பன்னிரண்டு மாதக் கணக்கில் ஓடுகிறது. சென்னை மேடையில் ஆடி முடித்துச் சான்றிதழோடு ஊர் திரும்பும் கரகாட்டக்காரர் புரட்டாசி முதல் தை வரை என்ன செய்கிறார் என்று சொல்லும் பதிவேடு அரசிடம் இருக்க வேண்டும். பலர் கட்டட வேலைக்குப் போகிறார்கள், பலர் பட்டாசு ஆலைக்கே போகிறார்கள். கலைஞரும் புரவலரும் ஒரே ஷெட்டில் உட்கார்ந்து திரி வெட்டும் மாவட்டம் இது.

தாயில்பட்டிக்குப் பக்கத்திலேயே, வைப்பாற்றங்கரையில் விஜயகரிசல்குளம் மேடு இருக்கிறது. 2022 மார்ச்சில் அங்கே மாநிலத் தொல்லியல் துறை தொடங்கிய வெம்பக்கோட்டை அகழாய்வு மூன்று கட்டங்களைக் கண்டுவிட்டது. சங்கு வளையல்கள், கண்ணாடி மணிகள், சுடுமண் உருவங்கள், யானைத் தந்தத்தில் செய்த பகடை, திமில் காளை பொறித்த சூதுபவளம் என ஆயிரக்கணக்கான பொருட்கள் கிடைத்திருக்கின்றன. அகழாய்வு அவசியம், அதற்கு இன்னும் கூடுதலாகவே செலவிடலாம். தங்கள் நிலத்தில் பகடை உருட்டியும் மணி கோத்தும் வாழ்ந்தவர்கள் இருந்தார்கள் என்று இங்குள்ள பிள்ளைகளுக்குத் தெரியவந்திருப்பது பெரிய காரியம். அதே அரசு, அதே மண்ணில் இன்று பாடுகிறவர்களையும் அதே அக்கறையோடு பதிவுசெய்ய வேண்டாமா? குழியில் கிடைத்த ஒவ்வொரு ஓட்டுக்கும் எண் போட்டு, ஆழம் குறித்து, படம் எடுத்து வைக்கிறோம். எண்பது வயது வில்லிசைக் கலைஞரின் நினைவில் இருக்கும் கதைப்பாட்டுக்கு எண்ணும் இல்லை, ஒலிப்பதிவும் இல்லை என்றால் அவரோடு அது போய்விடும். மறுபடி தோண்டி எடுக்க முடியாது.

வில்லுப்பாட்டைக் கொஞ்சம் கிட்டப்போய்ப் பார்க்க வேண்டும். வளைத்த பனங்கம்பில் நாண் கட்டி, மணிகளை வரிசையாகத் தொங்கவிட்டு, வில்லின் நடுப்பகுதியை மண்குடத்தின் கழுத்தோடு பிணைத்திருப்பார்கள். பாடுகிறவர் இரண்டு வீசுகோல்களால் நாணைத் தட்ட, குடத்தின் வாயில் ஒருவர் பத்தையால் அடிப்பார். உடுக்கையும் ஜால்ராவும் கட்டையும் சேரும். அண்ணாவி ஒரு வரி சொன்னால் பக்கப்பாட்டுக்காரர் ‘ஆமா’ போட்டு அதை வாங்கிக்கொள்வார். கதை அவர்களுக்குள் கேள்வியும் பதிலுமாக விடிய விடிய வளரும். ஐந்தாறு பேர் சேர்ந்தால்தான் குழு. அதில் குடம் அடிப்பவர் திருப்பூருக்குப் பனியன் கம்பெனி வேலைக்குப் போய்விட்டால் குழுவே கலைந்துவிடும். தனி ஒருவருக்குத் தரும் விருதால் அதைக் காப்பாற்ற முடியாது. இந்தக் கலையில் சாத்தூர் பிச்சைக்குட்டி பெற்ற இடம் மிகப் பெரிது. அவரைப் பற்றி ஒரு நூல் நமக்குக் கிடைத்தது கோவில்பட்டிப் பக்கத்து எழுத்தாளர் சோ. தர்மனால்.

கலைஞன் உயிரோடு இருக்கும்போது கைகொடுக்காமல், போன பின் மண்டபம் கட்டும் வழக்கம் நம்மிடம் நெடுங்காலமாக உண்டு. சிவகாசியில் பிறந்த தியாகி விசுவநாததாஸ் தேசியப் பாடல்களை நாடக மேடையில் பாடிப் பாடிச் சிறை சென்றவர். கடைசிவரை கடன் அவரை விடவில்லை. 1940 டிசம்பர் 31 அன்று சென்னை மேடையில், முருகன் வேடத்திலேயே உயிர் பிரிந்தது. இன்று திருமங்கலத்தில் அவருக்கு அரசு நினைவில்லம் இருக்கிறது. அதை நான் மதிக்கிறேன். ஆனால் அவர் நடித்த அதே இசை நாடகத்தை இன்று நடத்துகிற குழுவுக்கு இரவு 10 மணிக்கு ஒலிபெருக்கியை நிறுத்தச் சொல்லி நெருக்கடி வருகிறது. 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளே, பண்பாட்டு, சமய விழாக்களுக்காக ஆண்டுக்கு 15 நாள்வரை நள்ளிரவு 12 மணி வரை தளர்வு தர மாநில அரசுக்கு அதிகாரம் கொடுத்திருக்கின்றன. ஊர்ப் பொங்கல் பருவத்துக்கு அதைப் பயன்படுத்தினால் கருவூலத்துக்கு ஒரு ரூபாய்கூடச் செலவில்லை.

பள்ளிக்கூடத்தின் நிலையையும் பார்த்துவிடலாம். 2012இல் ஓவியம், இசை, உடற்கல்வி போன்ற பாடங்களுக்கு 16,549 பகுதிநேர ஆசிரியர்களை 5,000 ரூபாய் தொகுப்பூதியத்தில் அரசு நியமித்தது. வாரத்தில் மூன்று அரை நாள் வேலை. அவர்கள் பணி நிரந்தரம் கேட்டுப் போராடியே பல ஆண்டுகள் ஓடிவிட்டன. பள்ளிகளில் கலைத் திருவிழா நடத்துகிறோம், ‘கலையரசன்’, ‘கலையரசி’ என்று பட்டமும் தருகிறோம். அந்தப் பிள்ளைக்குத் தூரிகை பிடிக்கச் சொல்லிக்கொடுப்பவர் அரை நாள் ஆசிரியராகவே இருக்கிறார்.

தொழில் வளர்த்த இன்னொரு கலையை அரசின் கலைப் பட்டியல் கண்டுகொண்டதே இல்லை. நாடகக் கம்பெனிக்குத் திரை எழுதிக்கொண்டிருந்த சி. கொண்டையராஜு 1940களில் கோவில்பட்டியிலேயே தங்கிவிட்டார். அவரும் அவருடைய சீடர்களும் வரைந்த லட்சுமியும் முருகனும் மீனாட்சியும் சிவகாசி அச்சகங்களில் காலண்டர்களாகி நாடெங்கும் பூஜை அறைகளுக்குப் போனார்கள். தமிழ்நாட்டில் இவ்வளவு வீடுகளுக்குள் நுழைந்த ஓவியம் வேறில்லை. அந்த மூல ஓவியங்கள், லித்தோ கற்கள், தீப்பெட்டி, பட்டாசு லேபிள்கள் எல்லாவற்றையும் திரட்டிக் காக்கும் அருங்காட்சியகம் சிவகாசியில் அமைய வேண்டும். பழைய இருப்பு எடைக்குப் போவதற்குள் செய்ய வேண்டிய வேலை இது.

கலைஞரின் வேலையில்லா மாதங்களைப் பிற நாடுகள் எப்படிக் கையாள்கின்றன? பிரான்சில் மேடைக் கலைஞர் 12 மாதத்தில் 507 மணி நேரம் வேலை செய்ததைக் காட்டினால், வேலையில்லாக் காலத்துக்கு உதவித்தொகை உண்டு. அயர்லாந்து 2022இல் 2,000 கலைஞர்களுக்கு வாரம் 325 யூரோ அடிப்படை வருமானம் தரும் சோதனைத் திட்டத்தைத் தொடங்கியது. அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அதற்கு ஒவ்வொரு மீனவக் குடும்பத்துக்கும் தமிழ்நாடு அரசு 8,000 ரூபாய் நிவாரணம் தருகிறது. பருவத்தை நம்பிய தொழிலுக்குப் பருவமில்லாக் காலத்தில் கைகொடுக்க வேண்டும் என்பதை இந்த அரசு ஏற்றுக்கொண்டு, பட்டியல் எடுத்து, வங்கிக் கணக்கில் பணம் போட்டுக் காட்டியிருக்கிறது. நாட்டுப்புறக் கலைஞருக்கு அதே முறை ஏன் பொருந்தாது? நல வாரியத்தின் உறுப்பினர் பதிவு ஏற்கெனவே கையில் இருக்கிறது.

அடுத்த நிதிநிலை அறிக்கையில், வாரியத்தில் பதிந்த கலைஞர் குடும்பங்களுக்குப் பருவமில்லாக் கால நிவாரணம் என்று ஒரு வரி வர வேண்டும். விழா ஒதுக்கீட்டில் ஒரு பங்கைப் பிரித்து ஊராட்சி ஒன்றியங்களுக்குக் கொடுத்து, ஊர் போடும் தலைக்கட்டு வரிக்கு ஈடாக அரசும் ஒரு பங்கு போடட்டும். எந்தக் குழுவை அழைப்பது என்பதை ஊரே முடிவு செய்யட்டும். நிதித் துறையையும் தொல்லியல் துறையையும் கவனிக்கும் பொறுப்பில் விருதுநகர் மாவட்டத்தின் சட்டமன்ற உறுப்பினரே இருந்த காலத்தை இந்த மாவட்டம் கண்டிருக்கிறது. இங்குள்ள சட்டமன்ற உறுப்பினர்களும் ஊராட்சி ஒன்றியங்களும் இந்தக் கோரிக்கையைக் கையில் எடுக்க வேண்டும். வெடி மருந்துக்கு நடுவே உயிரைப் பணயம் வைத்துச் சம்பாதித்த கூலியில் இத்தனை காலம் கலையைக் காத்துவந்தவர்களுக்கு, அந்தச் செலவில் பாதியையாவது அரசு ஏற்க வேண்டும் என்று கேட்கும் உரிமை உண்டு.