கேம் விளையாடும் கார்டுக்கு அமெரிக்கா கட்டுப்பாடு போட்டது ஏன்? கிராபிக்ஸ் கார்டு எப்படி வேலை செய்கிறது?

என்விடியா ஆர்டிஎக்ஸ் 4090. கம்ப்யூட்டரில் கேம் விளையாடுறவங்களுக்காக 2022 அக்டோபரில் 1,599 டாலர் விலையில் விற்பனைக்கு வந்த கிராபிக்ஸ் கார்டு இது. கடையிலோ ஆன்லைனிலோ காசு கொடுத்தால் யாரும் வாங்கலாம். ஆனால் ஓராண்டு கழித்து, 2023 அக்டோபரில், உரிமம் இல்லாமல் சீனாவுக்கு அனுப்ப முடியாத பொருட்களில் இந்த கார்டும் சேர்ந்துவிட்டது. காரணம், அமெரிக்க வணிகத்துறை கொண்டுவந்த புதிய ஏற்றுமதி விதிகள்.

என்விடியா உடனே ஒரு மாற்று வழி கண்டுபிடித்தது. 16,384 கோர்கள் இருந்த கார்டை 14,592 கோர்களாகக் குறைத்து, விதியின் வரம்புக்குக் கீழே கொண்டுவந்து, 'ஆர்டிஎக்ஸ் 4090 டி' என்ற பெயரில் சீனாவில் விற்றது.

கேம் விளையாடும் ஒரு கார்டில் எத்தனை கோர் இருக்கலாம் என்று ஒரு நாட்டின் அரசு ஏன் கவலைப்பட வேண்டும்? இதற்கு விடை தெரியணும்னா, அந்த கார்டு உள்ளே என்ன செய்கிறது என்பதை முதலில் புரிந்துகொள்ள வேண்டும்.

ஒரு நொடியில் 12 கோடி புள்ளிகள்

நீங்கள் பார்க்கும் திரை, சின்னச் சின்ன புள்ளிகளால் ஆனது. இதைத்தான் பிக்சல் என்கிறோம். சாதாரண ஃபுல் ஹெச்டி திரையில் அகலத்தில் 1,920, உயரத்தில் 1,080 பிக்சல்கள். பெருக்கினால் 20 லட்சத்து 73 ஆயிரத்து 600.

கேம் விளையாடும்போது காட்சி நகர வேண்டும். அதற்கு நொடிக்கு 60 முறை முழுப் படத்தையும் புதிதாக வரைய வேண்டும். அப்படின்னா ஒரு நொடியில் சுமார் 12 கோடியே 44 லட்சம் பிக்சல்களுக்கு நிறம் கணக்கிடணும். 4கே திரை என்றால் இது நான்கு மடங்கு.

ஒவ்வொரு பிக்சலுக்கும் வெளிச்சம் எங்கிருந்து விழுகிறது, அங்கே சுவரா மரமா, நிழல் இருக்கா இல்லையா என்று பல கணக்குகள். தனித்தனியாகப் பார்த்தால் எல்லாமே எளிய கூட்டல், பெருக்கல்தான். எண்ணிக்கைதான் மலைக்க வைக்கிறது.

சிபியு இருக்கும்போது ஜிபியு எதற்கு?

பத்தாம் வகுப்பு விடைத்தாள் திருத்தும் முகாமை நினைத்துப் பாருங்கள். அங்கே அனுபவசாலியான ஒரு முதன்மைத் தேர்வாளர் இருப்பார். குழப்பமான விடைக்கு மதிப்பெண் உண்டா, அடித்து எழுதியதை ஏற்கலாமா என்று எந்தச் சிக்கலையும் தீர்த்து வைப்பார். ஆனால் அவர் ஒருவரே ஒரு லட்சம் தாள்களைத் திருத்த முடியுமா? அதற்கு நூற்றுக்கணக்கான ஆசிரியர்கள் வேண்டும். எல்லோர் கையிலும் ஒரே விடைக்குறிப்பு, ஆனால் தாள்கள் வேறு வேறு.

சிபியு என்பது அந்த முதன்மைத் தேர்வாளர் மாதிரி. வீட்டு கம்ப்யூட்டரில் இருக்கும் சிபியுவில் பெரும்பாலும் 6 முதல் 24 கோர்கள் வரைதான் இருக்கும். ஒவ்வொன்றும் கெட்டிக்காரத்தனமானது, எந்த வேலையைக் கொடுத்தாலும் செய்யும்.

ஜிபியு என்பது அந்த ஆசிரியர் கூட்டம். கிராபிக்ஸ் கார்டில் இருக்கும் முக்கியமான சிப் இதுதான். இதில் ஆயிரக்கணக்கான சிறிய கோர்கள் உண்டு. தனியாக எடுத்தால் சிபியு கோர் அளவுக்கு ஒன்றுக்கும் திறமை கிடையாது. அதனால் '24 கோர் எங்கே, 16,384 கோர் எங்கே' என்று நேரடியாக ஒப்பிடுவது தவறு. ஒரே மாதிரியான வேலை மலைபோல் குவிந்திருக்கும்போதுதான் ஜிபியுவின் பலம் தெரியும்.

என்விடியா சிப்களில் 32 வேலைகளை ஒரு குழுவாகச் சேர்த்து, எல்லாவற்றுக்கும் ஒரே கட்டளையை ஒரே நேரத்தில் கொடுப்பார்கள். அந்த 32-ல் சிலவற்றுக்கு மட்டும் வேறு கட்டளை தேவைப்பட்டால், அது முடியும்வரை மற்றவை காத்திருக்கும். 'இப்படி இருந்தால் இதைச் செய், இல்லாவிட்டால் அதைச் செய்' என்று கிளை பிரியும் வேலைகளில் ஜிபியு திணறுவது இதனால்தான். உங்கள் கம்ப்யூட்டரின் விண்டோஸை சிபியு இயக்குவதற்கு இதுவும் ஒரு காரணம்.

படம் எப்படி உருவாகிறது?

கேமில் வரும் கார், மனிதர், கட்டடம் எல்லாமே முக்கோணங்களால் ஆனவை. ஏன் முக்கோணம்? மூன்று புள்ளிகளை இணைத்தால் அது எப்போதும் தட்டையான பரப்பாகத்தான் இருக்கும். நான்கு புள்ளி என்றால் பரப்பு வளைந்துவிட வாய்ப்பு உண்டு. கணக்கு சிக்கலாகிவிடும்.

வேலை நடக்கும் வரிசை இதுதான்:

1. எந்தப் பொருள் எங்கே இருக்கிறது, எங்கே நகர்கிறது என்று சிபியு முடிவு செய்து ஜிபியுவிடம் சொல்லும்.
2. ஒவ்வொரு முக்கோணத்தின் மூன்று முனைகளும் திரையில் எந்த இடத்தில் வரும் என்று ஜிபியு கணக்கிடும்.
3. அந்த முக்கோணத்துக்குள் எந்தெந்த பிக்சல்கள் விழுகின்றன என்று கண்டுபிடிக்கும்.
4. எது முன்னால், எது பின்னால் என்று தூரத்தை ஒப்பிட்டு, மறைந்திருப்பதைக் கழித்துவிடும்.
5. மிச்சமுள்ள ஒவ்வொரு பிக்சலுக்கும் வெளிச்சம், நிழல், பரப்பின் தன்மையைப் பார்த்து நிறம் கொடுக்கும்.

நிறம் முடிவான முழுப் படம் கார்டின் நினைவகத்தில் தயாராகி, கேபிள் வழியாகத் திரைக்குப் போகும். நொடிக்கு 60 முறை இயங்கணும்னா, இவ்வளவும் சுமார் 16 மில்லி நொடிக்குள் முடிந்தாக வேண்டும்.

இதில் இரண்டாவது படியை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். முனைகளை நகர்த்த, திருப்ப, பெரிதாக்கப் பயன்படுவது 'அணிப் பெருக்கல்'. நம்ம பத்தாம் வகுப்பு கணக்குப் புத்தகத்தில், எண்களைக் கட்டம் கட்டமாக அடுக்கி வைத்திருப்பார்களே, அதே அணிகள்தான். கதை திசை மாறியது இங்கேதான்.

கேமிலிருந்து ஏஐ-க்கு தாவியது எப்படி?

1993-ல் தொடங்கப்பட்ட என்விடியா, 1999-ல் 'ஜிஃபோர்ஸ் 256' கார்டை வெளியிட்டு, 'உலகின் முதல் ஜிபியு' என்று விளம்பரம் செய்தது. அப்போது அது படம் வரையும் கருவி மட்டுமே. 2006-ல் 'குடா' என்ற மென்பொருள் தளத்தை அறிவித்தது. கிராபிக்ஸுக்குத் தொடர்பே இல்லாத கணக்குகளையும் அதே கார்டில் போட அது வழி செய்தது.

திருப்புமுனை 2012. படத்தைப் பார்த்து அதில் இருப்பது என்ன என்று சொல்லும் 'இமேஜ்நெட்' போட்டியில், டொராண்டோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அலெக்ஸ் கிரிஷெவ்ஸ்கி, இல்யா சுட்ஸ்கேவர், ஜெஃப்ரி ஹிண்டன் குழு கலந்துகொண்டது. சுமார் 12 லட்சம் படங்களைக் கொண்டு அவர்கள் தங்கள் மாடலுக்குப் பயிற்சி கொடுத்தது, தலா 3 ஜிபி நினைவகம் கொண்ட இரண்டு ஜிடிஎக்ஸ் 580 கேமிங் கார்டுகளில். ஐந்தாறு நாட்களில் பயிற்சி முடிந்தது. இரண்டாம் இடம் பிடித்த குழுவின் பிழை 26.2 சதவீதம். இவர்களுடையது 15.3 சதவீதம்.

இது எப்படி சாத்தியமானது? ஏஐ மாடலின் உள்ளே நடப்பதில் பெரும்பகுதி அணிப் பெருக்கல்தான். கார் சக்கரத்தைத் திருப்பும் கணக்கும், பூனையை அடையாளம் காணும் கணக்கும் சிப்பைப் பொறுத்தவரை ஒரே வகை வேலை. 2017-ல் அணிப் பெருக்கலுக்காகவே 'டென்சர் கோர்' என்ற தனிப் பகுதியை என்விடியா தன் சிப்பில் சேர்த்தது. இன்று அந்தப் பகுதி கேமிங் கார்டுகளிலும் இருக்கிறது.

இப்போது முதல் கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது. ஆர்டிஎக்ஸ் 4090 சிப்பைப் பார்த்து, 'இது கேமுக்கு மட்டும், ஏஐ-க்கு இல்லை' என்று கோடு போட முடியாது. அதனால்தான் அமெரிக்கா, பெயரைப் பார்க்காமல் கணக்கிடும் வேகத்தைப் பார்த்து வரம்பு வைத்தது.

தடையும் ஓட்டையும்

வேகத்தை மட்டும் பார்த்தால் போதுமா? திருத்தும் முகாமுக்கே திரும்புவோம். ஆயிரம் ஆசிரியர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள், ஆனால் விடைத்தாள் கட்டுகளைத் தூக்கி வர இரண்டே பேர். என்ன ஆகும்? பாதிப் பேர் சும்மா உட்கார்ந்திருப்பார்கள்.

ஜிபியுவுக்கு அந்தக் கட்டுகள்தான் தரவு. அதனால்தான் கார்டிலேயே தனி நினைவகம் வைக்கிறார்கள். இதுதான் விரேம். வேகமான டிடிஆர்5 ரேம் போட்ட கம்ப்யூட்டரில் நொடிக்கு சுமார் 90 ஜிபி தரவு நகரும். ஆர்டிஎக்ஸ் 4090-ல் இது சுமார் 1,000 ஜிபி. ஏஐ மையங்களுக்கான எச்100 சிப்பில் 3,350 ஜிபி.

2022 அக்டோபரில் வந்த முதல் கட்டுப்பாடு, கணக்கிடும் வேகத்துடன் சிப்புகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் வேகத்தையும் அளந்தது. உடனே என்விடியா அந்தத் தொடர்பு வேகத்தை நொடிக்கு 900 ஜிபியிலிருந்து 400 ஜிபியாகக் குறைத்து 'எச்800' என்ற சிப்பை சீனாவுக்காகத் தயாரித்தது. கணக்கிடும் திறன் பெரிதாகக் குறையவில்லை.

சீன நிறுவனமான டீப்சீக், 2,048 எச்800 சிப்புகளில் தன் வி3 மாடலுக்குப் பயிற்சி கொடுத்ததாகச் சொன்னது. இது பேசுபொருளான 2025 ஜனவரி 27 அன்று, ஒரே நாளில் என்விடியாவின் சந்தை மதிப்பில் கிட்டத்தட்ட 60,000 கோடி டாலர் காணாமல் போனது.

இதற்கிடையே 2023-ல் விதிகள் இறுக்கப்பட்டு எச்800-ம் தடைக்குள் வந்தது. அடுத்து வந்த 'எச்20'-ல் கணக்கிடும் திறன் வெகுவாகக் குறைக்கப்பட்டது. ஆனால் நினைவகம் 96 ஜிபி, வேகம் நொடிக்கு 4,000 ஜிபி. எச்100-ஐ விடவே அதிகம்! பயிற்சி முடிந்த மாடல் நமக்குப் பதில் எழுதும்போது, ஒவ்வொரு சொல்லுக்கும் மாடலின் எண்களை நினைவகத்திலிருந்து திரும்பத் திரும்ப எடுக்க வேண்டும். அந்த வேலைக்குக் கோர்களை விட நினைவக வேகம்தான் முக்கியம்.

2025 ஏப்ரலில் எச்20-க்கும் உரிமம் கட்டாயமானது. ஆகஸ்டில், சீன விற்பனை வருவாயில் 15 சதவீதத்தை அமெரிக்க அரசுக்குத் தரும் ஏற்பாட்டுடன் அனுமதி என்றானது. டிசம்பரில் இன்னும் வலிமையான எச்200-க்கும் 25 சதவீதப் பங்குடன் அனுமதி என அதிபர் டிரம்ப் அறிவித்தார். தேசப் பாதுகாப்பு என்று தொடங்கிய விஷயம், கமிஷன் பேரம் மாதிரி ஆகிவிட்டதே என்ற விமர்சனம் எழுந்தது இதனால்தான்.

இந்தியாவுக்கு இதில் என்ன?

2025 ஜனவரியில் பைடன் அரசு வெளியிட்ட விதி, உலக நாடுகளை மூன்று அடுக்காகப் பிரித்தது. இந்தியா நடு அடுக்கில் வைக்கப்பட்டது. அதாவது வாங்கலாம், ஆனால் அளவோடு. மே மாதம் டிரம்ப் அரசு அந்த விதியைக் கைவிட்டது. ஒரு கையெழுத்தில் வந்தது, இன்னொரு கையெழுத்தில் போனது. நாளை மறுபடி வராது என்று யார் உறுதி சொல்ல முடியும்?

10,372 கோடி ரூபாய் மதிப்பிலான இந்தியா ஏஐ திட்டத்துக்கு மத்திய அரசு 2024 மார்ச்சில் ஒப்புதல் அளித்தது. இதன் கீழ் 38,000-க்கும் மேற்பட்ட ஜிபியுக்கள் ஏற்பாடு செய்யப்பட்டு, மணிக்கு சுமார் 65 ரூபாய் என்ற மானிய விலையில் தரப்படுவதாக அரசு சொல்கிறது. இப்படிப்பட்ட சிப்பை சொந்தமாக வாங்க முடியாத ஸ்டார்ட்அப்புகளுக்கும் மாணவர்களுக்கும் இது பெரிய உதவி.

ஆனால் அந்த சிப்புகளை நாம் தயாரிக்கவில்லை. என்விடியாவே தயாரிப்பதில்லை. வடிவமைப்பு மட்டும்தான் அவர்களுடையது. அச்சடிப்பது தைவானின் டிஎஸ்எம்சி. அதற்கான அதிநவீன இயந்திரம் நெதர்லாந்தின் ஏஎஸ்எம்எல். வேக நினைவகம் பெரும்பாலும் தென்கொரியாவிலிருந்து. என்விடியாவின் பொறியாளர்கள் பெங்களூரு, ஹைதராபாத், புனேயிலும் வேலை செய்கிறார்கள். மூளை இங்கே இருக்கிறது, ஆலை இங்கே இல்லை. வாடகை எவ்வளவு குறைந்தாலும், வீட்டுச் சாவி வேறொருவர் கையில் இருப்பது மாதிரிதான்.

நீங்கள் கார்டு வாங்கப் போகிறீர்களா?

ஏஐ நிறுவனங்களின் தேவை நினைவக சிப்புகளை அள்ளிக்கொண்டு போவதால், சாதாரண வாடிக்கையாளருக்கும் பாதிப்பு. 2025 டிசம்பரில் மைக்ரான் நிறுவனம், பொதுமக்களுக்கான 'க்ரூஷியல்' ரேம் வியாபாரத்தையே விட்டு விலகுவதாக அறிவித்தது. அதனால் காசு போடும் முன் சில விஷயங்களைப் பாருங்கள்.

* ஆபிஸ் வேலை, இணையம், வீடியோ பார்ப்பது மட்டும்தான் என்றால் தனி கார்டு தேவையில்லை. சிபியுவோடு சேர்ந்தே வரும் கிராபிக்ஸ் போதும்.
* பெயரை மட்டும் நம்பாதீங்க. லேப்டாப்பில் வரும் ஆர்டிஎக்ஸ் 4090-ல் 9,728 கோர்கள், 16 ஜிபி விரேம். டெஸ்க்டாப்பில் வரும் அதே பெயர் கார்டில் 16,384 கோர்கள், 24 ஜிபி.
* ஏஐ கற்றுக்கொள்ளணும்னா முதலில் விரேம் பாருங்கள். 700 கோடி அளவுருக்கள் கொண்ட மாடலை, ஒன்றுக்கு 2 பைட் கணக்கில் ஏற்ற 14 ஜிபி வேண்டும். சுருக்காமல் 8 ஜிபி கார்டில் அது ஏறாது.
* மின்சாரத்தையும் கணக்கில் எடுங்கள். ஆர்டிஎக்ஸ் 4090-க்கு மட்டும் 450 வாட், 5090-க்கு 575 வாட். கம்ப்யூட்டரின் பவர் சப்ளை அதைத் தாங்குமா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள்.

'எத்தனை கோர்?' என்று மட்டும் கடைக்காரரிடம் கேட்காதீங்க. விரேம் எவ்வளவு, அது எவ்வளவு வேகம் என்று சேர்த்துக் கேளுங்கள். அமெரிக்க அரசின் விதியே கோட்டை விட்ட இடம் அதுதான்.