வெள்ளை வீரா

எங்கள் தாமானில் மூன்றாவது வரிசையில் இருக்கும் பையன் போன வாரம் ஒரு வெள்ளைப் புரோட்டான் வீரா கார் வாங்கி வந்தான். வாசலில் நின்றதைப் பார்த்துச் சாதாரண 1.5 என்றுதான் நினைத்தேன். பின்னால் சுற்றிப் போனால் பூட் மூடியில் 1.8 என்று இருக்கிறது. போனட்டைத் திறக்கச் சொன்னேன். இரட்டைக் கேம்ஷாஃப்ட் இயந்திரம், தொழிற்சாலையில் ஒட்டிய தாள்கூடக் கிழியாமல் உட்கார்ந்திருந்தது. ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் பள்ளிக்கும் கோயிலுக்கும் மட்டும் ஓட்டிய காராம். இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் ஒருவரும் கை வைக்காத கார். எனக்கு மனசு நிறைந்து போனது.

அடுத்த நிமிஷமே அவன் சொன்னான்: "சனிக்கிழமை கடைக்கு அனுப்புறேன் அங்கிள். எவோ 3 பம்பர், பின்னாடி பெரிய ஸ்பாய்லர், எக்ஸோஸ், எல்லாம் பேசி முடிச்சாச்சு."

அன்றிலிருந்து எனக்கு நிம்மதியில்லை. ஒரு காருக்குப் போய் இவ்வளவு ஆதங்கமா என்று வீட்டில் கேட்கிறார்கள். கேட்கட்டும். பாக்கார் ஆராங்கில் இருபது வருஷமாக நானும் ஒரு 1.8 வீரா ஓட்டுகிறேன். சுங்கை பட்டாணி வட்டாரத்தில் கெட்டுப் போகாத 1.8 எத்தனை என்று கேட்டால் ஒரு கையின் விரல்களை முழுதாக மடக்க முடியாது. அதில் ஒன்று சனிக்கிழமை போகப் போகிறது.

வீரா 1993இல் வந்தது. மிட்சுபிஷி லான்சரின் உடம்பு. டாக்சியாக ஓடியது, வாத்தியார் ஓட்டினார், சந்தைக்காரர் மீன்பெட்டி ஏற்றினார். தெருவில் பத்துக் கார் நின்றால் நான்கு வீராவாக இருந்த காலம் உண்டு. 1.5 இயந்திரத்துக்குச் சுமார் 90 குதிரைத்திறன். பிறகு அதே உடம்புக்குள் 1834 சிசி இரட்டைக் கேம்ஷாஃப்ட் இயந்திரத்தை வைத்தார்கள். 140 குதிரைத்திறனுக்குப் பக்கம். வெளியே பார்த்தால் பெரிய வித்தியாசம் ஒன்றும் கிடையாது. அதே கதவு, அதே விளக்கு, அதே வாத்தியார் முகம். சத்திரியா ஜிடிஐ என்று சிவப்பும் மஞ்சளுமாக, ரெக்காரோ இருக்கை போட்டு, அகலமான மட்கார்டோடு வந்ததே, அதற்குள்ளும் இந்த இயந்திரத்தின் குடும்பம்தான். அதை எல்லாரும் நின்று பார்த்தார்கள். வீராவை யாரும் பார்க்கவில்லை. அதனாலேயே எனக்கு அது பிடித்தது.

பலத்தை ஒளித்து வைப்பது நம் ஊர் ஆசை மட்டும் அல்ல. ஜெர்மனியில் 1980களில் முதல் பீஎம்டபிள்யூ எம்5 காரைக் கட்டியபோது, அலுவலகம் போகிற சாதாரண நான்கு கதவுக் காருக்குள் பந்தயக் காரின் வழிவந்த 286 குதிரைத்திறன் இயந்திரத்தை ஒளித்து வைத்தார்கள். வாங்குபவர் விரும்பினால் பின்னாலுள்ள எழுத்தையும் எடுத்துவிட்டுக் கொடுத்தார்கள். 1990களில் மெர்சிடிஸ் 500ஈ வந்தது, போர்ஷே கைகொடுத்துக் கட்டிய கார், 326 குதிரைத்திறன். தெரியாதவனுக்கு அது இன்னொரு மெர்சிடிஸ். காசு நிறைய உள்ளவன்கூடத் தன் காரில் எழுத்து வேண்டாம் என்று கேட்டு வாங்கியிருக்கிறான். இங்கே எழுத்துக்காகவே கார் வாங்குகிறோம்.

பலம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். என் அம்மா பாலிங்கில் தம்பி வீட்டில் இருக்கிறார். வாரம் தவறாமல் போகிறேன். கோலக்கெட்டில் தாண்டினால் செம்பனைக் குலை ஏற்றிய லோரி, கல் லோரி, டிராக்டர், நடுவில் கம்போங்கிலிருந்து விளக்கில்லாமல் வரும் மோட்டார். லோரிக்குப் பின்னால் 60இல் போகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சாலையில் அனுமதித்த வேகம் 90. லோரியின் நீளம் பத்து மீட்டர், முன்னும் பின்னும் இருபது மீட்டர் விட்டால் மொத்தம் ஐம்பது மீட்டர் முந்த வேண்டும். 60இலிருந்து 90ஐ நான்கு விநாடியில் எட்டும் காருக்கு இந்த வேலை எட்டு விநாடியில் முடியும். நால்வரை ஏற்றி ஏர்கோனும் போட்ட பலமில்லாத கார், 90ஐ எட்டவே எட்டு விநாடி எடுத்தால், பத்து விநாடி எதிர்ப்பாதையில் நிற்க வேண்டும். இரண்டு விநாடிதானே என்று தோன்றும். அந்த இரண்டு விநாடியில் நாம் கூடுதலாக ஓடுவதும், எதிரே 90இல் வருபவன் நம்மை நெருங்குவதும் சேர்த்தால் எண்பது மீட்டருக்கு மேல் வருகிறது. அந்த எண்பது மீட்டருக்காகத்தான் நான் 1.8 ஓட்டுகிறேன். 90க்கு மேல் ஒரு கிலோமீட்டர் கூட எனக்கு வேண்டாம். கால் வைத்தால் கேட்டதைக் கொடுக்க வேண்டும், வேலை முடிந்ததும் பழையபடி சத்தமில்லாமல் போக வேண்டும். அம்மா பின்னால் தூங்கிக்கொண்டிருப்பார். முந்தியது அவருக்குத் தெரியாது.

கல்யாண மண்டபத்துக்குப் போனால் இந்த விளக்கமெல்லாம் செல்லாது. போன மாதம் பீடோங்கில் ஒரு கல்யாணம். என் மனைவியின் அண்ணன் காரை நிறுத்தும்போதே வந்துவிட்டார்.

"மாப்பிள, இன்னும் இந்த வீராதானா? ரெண்டு பேரும் சம்பாதிக்கிறீங்க. பேங்க்குல கேட்டா குடுக்க மாட்டானா?"

"நல்லா ஓடுது மச்சான்."

"ஓடறது வேற, நிக்கறது வேற. மண்டபத்துல நிக்கிறப்ப ஒரு இது வேணும்ல."

அவர் ஒன்பது வருஷத் தவணையில் எடுத்த உயரமான கார் பக்கத்தில் நின்றது. மாதத் தவணை கட்ட மிகைநேர வேலை பார்க்கிறார், ஞாயிற்றுக்கிழமைகூட வீட்டில் இருப்பதில்லை. அவரை நான் குறையாகச் சொல்லவில்லை. நல்ல மனுஷன், என் மகள் பிறந்த ராத்திரி மருத்துவமனைக்கு முதலில் ஓடி வந்தவர். ஆனால் நிற்பதைப் பார்த்தே எல்லாவற்றையும் எடை போட இவருக்கு யார் கற்றுக் கொடுத்தார்கள்?

யார் கற்றுக் கொடுத்தது என்பதும் எனக்குத் தெரியும். 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் நடந்தபோது தொழிலாளர் வைத்த கோரிக்கைகளில் ஒன்று சம்பளத்தைப் பற்றியது அல்ல. துரையோ கிராணியோ எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்கி நிற்க வேண்டும் என்ற வழக்கத்தை ஒழிக்க வேண்டும் என்று கேட்டார்கள். அந்தப் போராட்டத்தை நடத்திய ஆர்.எச். நாதன் கைதாகி நாடு கடத்தப்பட்டார். படை இறங்கிச் சுட்டதில் தொழிலாளர்கள் செத்தார்கள். கெடாத் தோட்டத்திலும் துரைக்கு ஒரு வண்டி, கிராணிக்கு ஒரு வண்டி, நமக்குக் கால் என்றுதான் இருந்தது. சைக்கிளிலிருந்து இறக்கப்பட்டவனின் பேரன் உயரமான காரில் ஏறி உட்கார ஆசைப்படுவதை எப்படித் தவறென்று சொல்வேன்? எனக்குக் கோபம் வேறு இடத்தில். அன்று துரை வெளித்தோற்றத்தைப் பார்த்து நம்மை அளந்தான். இன்று நம்மை நாமே அதே கோலால் அளக்கிறோம். அந்தக் கோலைத் துரையோடு கப்பலேற்றி அனுப்பியிருக்க வேண்டாமா?

அரசாங்க வரியும் அதே கோல்தான். என் காருக்கு ஆண்டுக்கு 297 வெள்ளி ரோட் டேக்ஸ். 1800 சிசியைத் தாண்டியதால் அடிப்படை 280, அதற்கு மேலுள்ள 34 சிசிக்கு ஒவ்வொன்றுக்கும் 50 சென். 1.5 வீராவுக்கு 90 வெள்ளி. சரி, பலத்துக்கு வரி என்றால் நியாயம் என்று இருக்கலாம். ஆனால் 2020இல் வந்த புரோட்டான் எக்ஸ்50ஐப் பாருங்கள். 1477 சிசி, மூன்று சிலிண்டர், டர்போ. மேல்வகைக்கு 177 குதிரைத்திறன். அதற்கு 120 வெள்ளிதான். பானை எவ்வளவு பெரியது என்று பார்க்கிறார்கள், உள்ளே எவ்வளவு சோறு என்று பார்ப்பதில்லை. மின்சாரக் காருக்கு மோட்டாரின் கிலோவாட்டைப் பார்த்துக் கணக்குப் போடத் தெரிகிறது, பெட்ரோல் காருக்கு மட்டும் சிசி. இதற்கு மேல் காப்புறுதி முகவர் வேறு: கார் பழசு, முழுக் காப்பீடு கிடையாது, மூன்றாம் தரப்புக்கு மட்டும் போட்டுக்கொள்ளுங்கள் என்கிறார். ஒருவர்கூட வந்து பிரேக்கைத் தொட்டுப் பார்க்கவில்லை.

இன்னொரு பக்கம் கஞ்சில் பிள்ளைகள். 1994இல் பெரோடுவா விட்ட முதல் கார், 660 சிசி, 31 குதிரைத்திறன், ரோட் டேக்ஸ் 20 வெள்ளி. சருகுமானின் பெயர் வைத்தார்கள், உருவத்துக்கும் பொருந்தும். ஹாஃப் கட் கடையில் ஜப்பான் மிரா டர்போ இயந்திரத்தை வாங்கி அதில் இறக்கினால் 64 குதிரைத்திறன். எடை குறைந்த வண்டி, பறக்கும். பார்த்தால் அதே பாட்டி கார். முறையாகச் செய்து, இயந்திர எண்ணை மாற்றிப் பதிந்து, பிரேக்கையும் டயரையும் சேர்த்து மாற்றியவர்களை எனக்குத் தெரியும், மதிக்கிறேன். ஆனால் பாதிப் பேர் இயந்திரத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். பழைய பிரேக், வழுக்கை டயர், இரட்டிப்புப் பலம். அந்த வண்டியில் தங்கச்சியை டியூஷனுக்கு ஏற்றிப் போகிறான். இதைக் கண்டிக்க வேண்டிய பட்டறைப் போமேன் கல்லாவைப் பார்க்கிறார்.

வெள்ளை வீராவுக்கும் இதுதான் நடக்கும். அந்தப் பையன் எவோ 3 முகத்துக்கு ஆயிரக்கணக்கில் கொட்டுவான். உண்மையான எவோ 3 என்பது 1995இன் லான்சர் எவல்யூஷன். இரண்டு லிட்டர் டர்போ, 270 குதிரைத்திறன், நான்கு சக்கரமும் இழுக்கும். அதன் பம்பரை மாட்டினால் அதன் வேகம் வராது. பம்பருக்காக முன்புறத்தை அறுப்பார்கள், எக்ஸோஸுக்காகக் குழாயை வெட்டுவார்கள். கொஞ்ச நாளில் ஸ்பிரிங்கையும் வெட்டிக் காரைத் தரையோடு உட்கார வைப்பார்கள். எதிர்பாராத பள்ளத்தில் சக்கரம் எப்படித் தரையைப் பிடிக்க வேண்டும் என்று பொறியாளர்கள் மெனக்கெட்டதெல்லாம் ஒரு மத்தியானத்தில் போய்விடும். பிறகு ராத்திரி பதினொரு மணிக்கு எக்ஸோஸ் அலறும். பச்சைப் பிள்ளைகள் திடுக்கிட்டு எழும். இரண்டு வருஷத்தில் அலுத்துப்போய் உதிரி உதிரியாக விற்றுவிடுவான்.

உதிரி என்றதும் இன்னொரு வயிற்றெரிச்சல். மலேசியாவில் அதிகம் திருடுபோன கார்களில் வீராவும் ஒன்று, பெரும்பாலும் உதிரிக்காக. என் காருக்கு ஒரு சின்ன சென்சார் வேண்டுமென்று மூன்று ஊர் அலைகிறேன். கூலிமில் கேட்டேன், குரூணில் கேட்டேன், பாடாங் செராயில் பழைய இரும்புக் கடையில் குனிந்து தேடினேன். "அண்ணே, அந்த சாமான்லாம் இப்ப யார் வச்சிருக்கா" என்கிறார்கள். வைத்திருந்தவர்கள் எல்லாம் முகம் மாற்றப் போய்க் காரை அழித்துவிட்டார்கள்.

நான் சாமான் தேடிய அதே கூலிமில் இருக்கும் இனோகோம் ஆலையில் 2022 முதல் போர்ஷே கேயன் பூட்டுகிறார்கள். ஐரோப்பாவுக்கு வெளியே போர்ஷே பூட்டும் முதல் இடம் நம் கெடாதான். பீஎம்டபிள்யூவும் அங்கே பூட்டுகிறார்கள். நம் பிள்ளைகள் அந்த ஆலைக்கு வேலைக்குப் போகிறார்கள். ஒரு போல்ட்டை எத்தனை நியூட்டன் மீட்டரில் முறுக்க வேண்டும் என்று கற்று, முறுக்கியதற்குக் கையெழுத்தும் போட்டுவிட்டு, வேலை முடிந்து வந்தால் காபிக் கடையில் ஸ்பாய்லர் பற்றிப் பேசுகிறார்கள். உள்ளே தெரிந்த அருமை வெளியே வந்ததும் எங்கே போகிறது?

நம் நாட்டின் முதல் காருக்கு 1985இல் சாகா என்று பெயர் வைத்தார்கள். சாகா என்பது நாம் ஆனைக்குன்றிமணி என்று சொல்லும் சிவப்பு விதை. தட்டார் பொன் நிறுக்க வைத்துக்கொண்ட விதை அது. சின்னது, மரத்தடியில் கொட்டிக் கிடப்பது. ஆனால் பொன்னின் எடையை அது சொல்லும். பெயர் வைத்தவர் அந்த அருமை தெரிந்து வைத்தாரோ என்னவோ, நான் அப்படித்தான் எடுத்துக்கொள்கிறேன்.

நேற்று ராத்திரி மனசு கேட்காமல் அந்தப் பையன் வீட்டுக்கே போனேன். டீ கொடுத்தார்கள். எல்லாவற்றையும் சொன்னேன். டயருக்கும் பிரேக்குக்கும் அந்தக் காசைப் போடு, பெல்ட்டை மாற்று, இருபது வருஷம் ஓட்டலாம், கிடைக்காத பொருள் உன் கையில் இருக்கிறது என்று சொன்னேன். மரியாதையாகக் கேட்டான். கடைசியில் தலையைச் சொறிந்துகொண்டு சொன்னான்:

"அப்படியே வச்சிருந்தா அது 1.8னு யாருக்கும் தெரியாதே அங்கிள்."

என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. இன்று வியாழன். சனிக்கிழமை காலை பத்து மணிக்குக் கடைக்காரர் வரச் சொல்லியிருக்கிறார். நாளை வேலை விட்டு வந்ததும் அவனை என் காரில் ஏற்றிக்கொண்டு கோலக்கெட்டில் வழியே பாலிங் வரை போய்வரலாம் என்றிருக்கிறேன். முந்த வேண்டிய லோரி வரும்போது பேசாமல் முந்துவேன். திரும்பும்போது சாவியை அவன் கையில் கொடுப்பேன்.