சைக்கிள் கொடுத்தீங்க, ரோடு எங்கே?

பி.காம். படித்தவனுக்குக் கோபம்கூட கணக்குப் பார்த்துத்தான் வரும். நீங்களும் இந்தக் கணக்கைப் பாருங்கள்.

2019 ஆகஸ்ட்டில் மின்சார வாகனங்களுக்கு ஜி.எஸ்.டி. 12 சதவிகிதத்திலிருந்து 5 ஆனது. ஓசூரில் தயாராகும் மின்சார ஸ்கூட்டருக்கும் லாபம். சந்தோஷம். பெட்ரோலும் வேண்டாம், கரன்ட்டும் வேண்டாம் என்று ஓடுகிற சைக்கிளுக்கு? அதே 12 சதவிகிதம்! 2025 செப்டம்பரில்தான் அதுவும் 5 ஆனது. ஆக, ஆறு வருஷம், 20 லட்ச ரூபாய்க்கு மின்சார கார் வாங்கினவரைவிட சைக்கிள் வாங்கின கூலித் தொழிலாளி கூடுதல் விகிதத்தில் வரி கட்டியிருக்கிறார். இதற்குப் பேர் சுற்றுச்சூழல் அக்கறை.

'தமிழ்நாட்டில் சைக்கிளை இலவசமாகவே தர்றோமே' என்பீர்கள். வாஸ்தவம். 2001-02ல் ஆதிதிராவிட, பழங்குடி மாணவிகளுக்காக ஆரம்பித்த திட்டம், 2005-06ல் அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளின் பிளஸ் 1 மாணவர்கள் எல்லோருக்கும் வந்தது. அருமையான திட்டம். ஆனால், அந்த சைக்கிளை எங்கே ஓட்டுவது?

ராயக்கோட்டைக்கு வாங்க. ஓசூரிலிருந்து இந்த ஊர்ப் பக்கமாக தருமபுரிக்குப் போகும் ரோடு, இப்போது 844-ம் எண் தேசிய நெடுஞ்சாலை. தக்காளி லோடு லாரி, கம்பெனி பஸ், கன்டெய்னர்... எல்லாம் பறக்கின்றன. சைக்கிளுக்கு? மண் ஓரம். அதிலும் பாதி பார்க்கிங்.

ராயக்கோட்டையிலிருந்து ஓசூர் சிப்காட் வரை மிதிக்கச் சொல்லவில்லை. கிராமத்திலிருந்து பள்ளிக்கு, பஸ் ஸ்டாண்டுக்கு, ரயில்வே ஸ்டேஷனுக்கு. ஓசூருக்குள் வாடகை அறையிலிருந்து கம்பெனி கேட்டுக்கு. அவ்வளவுதான். அந்த நாலு கிலோமீட்டருக்குப் பயந்துதான் வேலை கிடைத்ததும் முதல் கடனாக பைக் வாங்குகிறான் பையன். சம்பளம் வருமுன்னே தவணை காத்திருக்கிறது. பாதுகாப்பான பாதை இல்லாததற்கு அவன் மாதாமாதம் கட்டும் அபராதம் அது.

'இதெல்லாம் ஐரோப்பாவுக்கு சரி' என்று ஒரு பதில் தயாராக இருக்கும். நெதர்லாந்தில் சைக்கிள் பாதைகள் வானத்திலிருந்து விழவில்லை. கார்களுக்கு அடியில் பிள்ளைகள் சாவதைப் பொறுக்காமல் 1970-களில் பெற்றோர்கள் தெருவில் இறங்கினார்கள். பாதை வந்தது. இங்கேயும் 2014-லேயே சென்னை மாநகராட்சி, நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்கும் முன்னுரிமை என்று கொள்கை வகுத்தது. காகிதத்தில் பஞ்சமே இல்லை!

2019-ல் ஓசூரும் மாநகராட்சியாகிவிட்டது. அடுத்து ஓட்டு கேட்டு வருகிறவரிடம் இலவசம் எதுவும் கேட்காதீர்கள். ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: 'ஐயா, இந்த ரோட்டில் உங்க வீட்டுப் பிள்ளையை சைக்கிளில் அனுப்புவீங்களா?'