பேஸ்ட் பண்ணவிடாத பேங்க் ஆப்பைத் திட்டாதீங்க

சம்பளம் விழுந்த அன்னைக்கு ஹவுஸ் ஓனருக்கு வாடகை, சீட்டுப் பணம், ஊர்ல அப்பா அம்மாவுக்குக் கொஞ்சம்னு வரிசையா அனுப்புறோம். புதுசா ஒரு பெனிஃபிஷியரியைச் சேர்க்கும்போது பல பேங்க் ஆப்ல அக்கவுண்ட் நம்பரை ரெண்டாவது தடவை கையாலதான் அடிக்கணும். பேஸ்ட் பண்ண விடாது. இந்தக் காலத்துலயும் இப்படியான்னு எல்லாரும் புலம்புறோம். என்னைக் கேட்டா, அந்த ஒரு இடத்துல பேங்க் செய்றது சரி.

ரிசர்வ் பேங்க் 2010-லயே தெளிவா சொல்லிடுச்சு: எலக்ட்ரானிக் முறையில வர்ற பணத்தை அக்கவுண்ட் நம்பரை மட்டும் வச்சு வரவு வைக்கலாம். நீங்க பெனிஃபிஷியரி பேர்னு அடிச்சது பொருந்துதான்னு பார்க்கணும்னு கட்டாயம் இல்ல. ஒரு இலக்கம் மாறி, அந்த நம்பர்ல வேற யாருக்காவது கணக்கு இருந்தா பணம் அங்க போயிடும். திரும்ப வாங்க அந்த ஆள் சம்மதிக்கணும். அவர் அதுக்குள்ள எடுத்துச் செலவு பண்ணியிருந்தா உங்க பாடு திண்டாட்டம்தான்.

சரி, காப்பி பண்ணினது எப்படி மாறும்? இங்கதான் நிறைய பேர் ஏமாறுறாங்க. எக்செல் ஒரு எண்ணுல 15 இலக்கம் வரைக்கும்தான் சரியா வச்சுக்கும். பஞ்சாப் நேஷனல் பேங்க் கணக்கு எண் 16 இலக்கம். அதைச் சாதாரண கட்டத்துல பேஸ்ட் பண்ணினா கடைசி இலக்கம் 0 ஆயிடும். எச்சரிக்கை எதுவும் வராது. ஐசிஐசிஐ கணக்கு எண் 0-லயே ஆரம்பிக்கலாம். முன்னாடி இருக்கிற 0 எல்லாம் எக்செல்ல காணாமப் போயிடும். வேடசந்தூர் பக்கம் ஒரு மில்லுல அக்கவுண்ட்ஸ் பார்க்கிற தம்பி, நூறு பேர் சம்பள லிஸ்ட்டை இப்படித் தயார் பண்ணினா என்ன ஆகும்னு யோசிச்சுப் பாருங்க. காலத்தை முதல்ல 'டெக்ஸ்ட்'னு மாத்திட்டு, அப்புறம் 'வேல்யூஸ் மட்டும்' பேஸ்ட் பண்ணணும். அவ்வளவுதான் வேலை.

வேர்ட் இன்னொரு ரகம். நீங்க அடிச்ச சாதாரண மேற்கோள் குறியை வளைஞ்ச குறியா மாத்தும், சின்னக் கோட்டை நீளக் கோடா மாத்தும். கண்ணுக்குத் தெரியாத ஒரு வகை இடைவெளியும் உண்டு. வேர்ட்ல இருந்தோ பேங்க் ஸ்டேட்மெண்ட் பக்கத்துல இருந்தோ தொகைகளை எக்செல்லுக்குக் கொண்டு வரும்போது அது ஒட்டிக்கிட்டு வந்தா, எக்செல் அதை எண்ணாவே மதிக்காது. கூட்டல் போட்டா அந்த வரியை மட்டும் விட்டுட்டுக் கூட்டும். மொத்தமா 0 வந்தா கூட கவனிச்சிடுவோம். பன்னெண்டு மாச எல்ஐசி பிரீமியத்துல ரெண்டு மாசம் விட்டுப் போனா யாருக்குத் தெரியும்? 80சி கணக்கைக் குறைச்சுக் கொடுத்துட்டு, கூடுதலா டிடிஎஸ் பிடிக்கிறாங்கன்னு எச்ஆரைத் திட்டிக்கிட்டு இருப்போம்.

இது சின்னப் பசங்க பண்ற தப்புன்னு நினைக்காதீங்க. கனடாவுல ட்ரான்ஸ்ஆல்டான்னு ஒரு மின்சார கம்பெனி. 2003-ல எக்செல்ல கட் பேஸ்ட் பண்ணினப்போ வரிசை மாறி, ஏலத்துல தப்பான விலை போய், 24 மில்லியன் டாலர் நஷ்டம்.

தமிழ்ல நமக்குன்னு தனியா ஒரு தலைவலி இருக்கு. டிடிபி கடையில வாடகை ஒப்பந்தமோ மனுவோ அடிச்சு, ஃபைலை பென் டிரைவ்ல வாங்கி வர்றீங்க. அது பாமினி மாதிரி பழைய எழுத்துருவுல இருந்தா, உள்ள இருக்கிறது தமிழே இல்ல. 'தமிழ்'னு தெரியுற இடத்துல உண்மையில ஜே, கே, பி, ஓ, ஒரு அரைப்புள்ளி, இவ்வளவுதான் இருக்கும். ஆன்லைன் மனுப் பெட்டியில ஒட்டினா அந்த ஆங்கிலக் குப்பைதான் போய்ச் சேரும். 2010-ல கோவை செம்மொழி மாநாட்டு சமயத்துலயே யூனிகோடையும் டேஸ்16-ஐயும் தரமா தமிழக அரசு அறிவிச்சாச்சு. ஆனாலும் பழைய பழக்கம் கடைகள்ல இன்னும் போகல.

கன்வெர்ட்டர்ல போட்டா சரியாயிடும்னு சொல்வாங்க. பாதிதான் சரி. பக்கம் முழுக்க அப்படியே மாத்தினீங்கன்னா, நடுவுல ஆங்கிலத்துல இருந்த பான் நம்பர், ஐஎஃப்எஸ்சி கோடு எல்லாம் சேர்ந்து தமிழ் எழுத்தா மாறிடும். பணம் சம்பந்தப்பட்ட பேப்பர்ல நீங்க சரிபார்க்க வேண்டியதே அந்த ரெண்டு வரிதானே? கடைக்காரர்கிட்ட "அண்ணே, யூனிகோட்ல அடிச்சுக் கொடுங்க"ன்னு முதல்லயே சொல்லிட்டா இந்த வம்பே இல்ல.

ஒரு விஷயத்துல மட்டும் நான் பேங்க் பக்கம் இல்ல. பாஸ்வேர்டு பெட்டியில பேஸ்ட்டைத் தடுக்கிற ஆப்கள் இருக்கு. அது வெட்டி வேலை. பாஸ்வேர்டு மேனேஜரைப் பயன்படுத்த முடியாம, ஜனங்க சுலபமா அடிக்கிற மாதிரி பலவீனமா ஒண்ணை வச்சுக்குவாங்க. பிரிட்டன் அரசோட சைபர் பாதுகாப்பு மையம் 2017-லயே பேஸ்ட் பண்ண விடுங்கன்னு எழுதிடுச்சு. பாஸ்வேர்டு தப்பானா உள்ள போக முடியாது, அவ்வளவுதான். அக்கவுண்ட் நம்பர் தப்பானா பணமே போயிடும். ரெண்டுக்கும் ஒரே பூட்டு எதுக்கு? பூட்டு ஊர்க்காரங்களுக்கு இதை நான் சொல்லணுமா என்ன.

வேர்ட்ல இருந்து எதை எடுத்தாலும் நோட்பேட்ல ஒரு தடவை ஒட்டி எடுங்க. வளைஞ்ச குறியும் அந்த மறைஞ்ச இடைவெளியும் அதுலயும் தங்கலாம், ஆனா எழுத்துரு வேஷம் கலைஞ்சு, பாமினி ஃபைல்னா அங்கயே தெரிஞ்சிடும். புது கணக்குக்கு முதல்ல 1 ரூபாய் அனுப்பி, வந்துச்சான்னு போன்ல கேளுங்க. ஆர்டிஜிஎஸ், நெஃப்ட்ல அனுப்புறதுக்கு முன்னாடி கணக்குக்காரர் பேரைக் காட்டுற வசதியை 2025 ஏப்ரல் 1-க்குள்ள கொடுக்கணும்னு ரிசர்வ் பேங்க் சொல்லியிருந்துச்சு. உங்க ஆப்ல அந்தப் பேர் திரையில வர்றப்போ, ஓகே பட்டனைத் தட்டுறதுக்கு முன்னாடி ஒரு தடவை படிச்சுப் பாருங்க.