திடலோரத்தில் நிற்பவர்

காற்பந்தில் ஆர்வமுள்ள மாணவரிடம் எதிர்கால ஆசையைக் கேட்டால், ஆட்டக்காரராக வேண்டும் என்பார். பயிற்றுநராக வேண்டும் என்போர் குறைவு. ஆடி ஓய்ந்தவர்களுக்கு உரிய வேலை அது என்றே பெற்றோர் பலரும் கருதுகின்றனர். அக்கருத்து ஏற்கத்தக்கதன்று.

2010 டிசம்பர் 1ஆம் நாள், தென்கிழக்காசியக் கிண்ணப் போட்டியின் முதல் ஆட்டத்திலேயே மலேசியா இந்தோனேசியாவிடம் 5-1 எனத் தோற்றது. அப்போது பயிற்றுநராக இருந்தவர் கே. ராஜகோபால். செத்தாப்பாக்கில் பிறந்த இவர், சிலாங்கூருக்கும் நாட்டுக்கும் ஆடியவர். முந்திய ஆண்டு லாவோஸில் நடந்த சீ விளையாட்டுப் போட்டியில், இவரது இளையோர் அணி 20 ஆண்டுகளுக்குப் பின் தங்கம் வென்றிருந்தது. அவ்விளைஞர்கள் பலர் இந்த அணியிலும் இருந்தனர். ஒரு பெருந்தோல்விக்காக அவர்களை அவர் கைவிடவில்லை. கோல் காவலராக 21 வயது கைருல் பாஹ்மியை இறக்கினார். டிசம்பர் 26ஆம் நாள் புக்கிட் ஜாலிலில் அதே இந்தோனேசியாவை 3-0 என மலேசியா வென்றது. மூன்று நாள் கழித்து ஜகார்த்தாவில் 2-1 எனத் தோற்றபோதும், மொத்தம் 4-2 என்ற கணக்கில் கிண்ணம் முதன்முறையாக நமக்குக் கிடைத்தது. சாஃபி சாலி அடித்த கோல்களைப் பலரும் நினைவில் வைத்துள்ளனர். 5-1க்குப் பிறகு யாரை நம்புவது என்று முடிவெடுத்தவரை எத்தனை பேர் நினைக்கிறார்கள்?

பயிற்றுநராவதற்கு உச்ச நட்சத்திரமாக இருந்திருக்க வேண்டியதுமில்லை. கனடாவின் ஜான் புரோஃபி பனி ஹாக்கியில் முரட்டு ஆட்டத்துக்குப் பேர்போனவர். தண்டனை இருக்கையில் அதிக நேரம் உட்கார்ந்தவர். சிறு லீக்குகளிலேயே ஆடி முடித்த அவர், 1986இல் புகழ்பெற்ற டொரண்டோ அணிக்குத் தலைமைப் பயிற்றுநரானார். (அவருடைய முரட்டுத்தனத்தை யாரும் பின்பற்ற வேண்டாம்!)

புக்கிட் பெருந்துங் தாமான்களிலும் கோல சிலாங்கூர்த் தோட்டங்களிலும் மாலையில் பந்து உதைக்கும் பிள்ளைகளுள் மிகச் சிலரே மாநில அணிக்குத் தேர்வாக முடியும். மற்றவர்களுக்கு விளையாட்டு அங்கேயே முடிந்துவிட வேண்டுமா? காற்பந்துப் பயிற்றுநருக்கு சி, பி, ஏ எனப் படிப்படியான உரிமங்கள் உள்ளன. கட்டணமும் பயணமும் தோட்டப்புறக் குடும்பத்துக்குச் சுமை என்பது உண்மையே. ஆயினும், அணித் தேர்வில் விடுபட்ட மாணவரைப் பள்ளி உடனே வீட்டுக்கு அனுப்பாமல், இளைய வகுப்பு அணியின் பயிற்சியில் ஆசிரியருக்குத் துணையாக நிறுத்தலாம். அதற்குக் கட்டணம் எதுவும் இல்லை.