வேடம் கலைக்க முடிந்தவர்கள்

பழைய துப்பறியும் படங்களைத் தேடிப் பிடித்துப் பார்க்கும் இளைஞர்கள் தென்காசிப் பக்கமும் இருக்கிறார்கள். அவர்கள் தவறவிடக் கூடாத படம் ‘திகம்பர சாமியார்’. 1950இல் மாடர்ன் தியேட்டர்ஸ் தயாரித்து, டி.ஆர். சுந்தரம் இயக்கியது. மூலக்கதை வடுவூர் துரைசாமி ஐயங்காருடையது. பிற்காலத்தில் வில்லனாகவே நிலைத்துவிட்ட எம்.என். நம்பியார் இதில் துப்பறியும் நாயகன். வேடத்துக்கு மேல் வேடம் போட்டு வருகிறார்.

“ஐயங்கார் கதைதானே, ஒதுக்கித் தள்ளு” என்பார்கள் சில தோழர்கள். அவசரம் வேண்டாம். இந்தப் படத்தில் குற்றவாளி யார்? சினிமா வழக்கமாகக் கைகாட்டும் சேரிவாசி அல்ல, சட்டம் படித்த வக்கீல் சட்டநாதம் பிள்ளை. பிறப்பை வைத்தே குற்றவாளி என்று முத்திரை குத்திய குற்றப் பரம்பரைச் சட்டம் சென்னை மாகாணத்தில் 1947இல்தான் ஒழிந்தது. நாடு முழுக்க ஒழிய 1952 ஆனது. நடுவில் வந்த இந்தப் படம், குற்றம் படித்தவன் வீட்டிலும் விளையும் என்று காட்டியது. அதன் ஈர்ப்பு அங்கேதான் இருக்கிறது.

ஆனால் அந்த வேடங்களைப் பற்றியும் பேசியாக வேண்டும். சாமியார் எந்த வேடமும் போடலாம், வேலை முடிந்ததும் கலைத்துவிடலாம். தமிழ் சினிமாவில் நாயகனும் நாயகியும் குறவன் குறத்தி வேடம் கட்டி ஆடியதற்குக் கணக்கே இல்லை. நிஜக் குறவருக்குச் சட்டம் மாட்டிய வேடத்தைக் கலைக்க வழியில்லை. கைரேகை வைக்க வேண்டும். காவல் நிலையத்தில் போய் நிற்க வேண்டும்.

இது குற்றாலக் குறவஞ்சி பிறந்த மண். மேலகரம் திரிகூடராசப்பக் கவிராயர் பாடிய குறத்தியைப் பாடநூலில் வைத்துக் கொண்டாடுகிறோம். அவள் மலைவளம் சொன்னால் இலக்கியம். அவள் பேரன் தெருவில் நடந்தால் சந்தேகம். சட்டம் ஒழிந்து 46 ஆண்டுகள் கழித்து, 1993இல், திருட்டுப் பழி சுமத்தப்பட்டுக் காவல் சித்திரவதையில் கொல்லப்பட்ட ராஜாக்கண்ணு குறவர். அவர் கதையை 2021இல் ‘ஜெய் பீம்’ சொன்னபோது திரையில் இருளர் ஆனார். வேடமாகக் குறவர் வரலாம். பாதிக்கப்பட்ட மனிதராக, தன் பெயரோடு வர மட்டும் இடமில்லையா?

ஆகவே பழைய படம் பாருங்கள் தோழர்களே. பார்த்துவிட்டு, உங்கள் ஊரில் நகை காணாமல் போகும்போது போலீஸ் வண்டி முதலில் எந்தத் தெருவுக்குப் போகிறது என்றும் பாருங்கள். சட்டநாதம் பிள்ளையின் தெருவுக்குப் போனால் சொல்லி அனுப்புங்கள்.