உலக உருண்டை வெளியே வரும் நாள்

எங்கள் ஊர் ஆரம்பப் பள்ளியில் உலக உருண்டை வருஷத்துக்கு ஒரு நாள்தான் பீரோவை விட்டு வெளியே வரும். அன்றைக்கு உதவிக் கல்வி அதிகாரி (ஏ.இ.ஓ.) ஆய்வுக்கு வருகிறார் என்று அர்த்தம். முந்தின நாளே எங்களை மைதானத்தில் கல் பொறுக்கச் சொல்வார்கள். தண்ணீர்ப் பானைக்குப் புது மூடி வரும். ஐந்தாம் வகுப்பு சார், பாடக் குறிப்பு நோட்டில் மூன்று மாதப் பாக்கியை ஒரே ராத்திரியில் எழுதி முடிப்பார். வந்தவர் எங்களிடம் இரண்டு கேள்வி கேட்பார், பதிவேட்டில் கையெழுத்துப் போடுவார், இளநீர் குடித்துவிட்டுக் கிளம்புவார். மறுநாள் உருண்டை பீரோவுக்குள் போய்விடும். அதில் இங்கிலாந்து எங்கே இருக்கிறது என்று தேடிப் பார்க்க எனக்கு வாய்க்கவே இல்லை.

போன மாதம் லண்டனிலிருந்து அண்ணன் மகள் கூப்பிட்டாள். பையனுக்கு நாலு வயது. வரும் செப்டம்பரில் பள்ளியில் சேர்க்க, ஜனவரி 15-க்குள் விண்ணப்பம் போட்டாக வேண்டும்.

"முன்னாடியெல்லாம் 'அவுட்ஸ்டாண்டிங்'னு ஒரே வார்த்தையில சொல்லிடுவாங்க சித்தப்பா. இப்ப அதை எடுத்துட்டாங்க. எதை வெச்சு முடிவு பண்றது?"

ஆஃப்ஸ்டெட்டைப் பற்றித்தான் சொல்கிறாள். 1992-ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்த அமைப்பு. இங்கிலாந்தின் அரசுப் பள்ளிகளைச் சோதித்து மதிப்பிடுவது அதன் வேலை. முந்தின நாள் பள்ளிக்கு ஒரு போன் வரும். அடுத்த நாள் ஆய்வாளர்கள் வந்து வகுப்பில் உட்காருவார்கள், பிள்ளைகளிடம் பேசுவார்கள், ஆவணங்களைப் புரட்டுவார்கள். 2024 வரை, முடிவில் நாலு சொல்லில் ஒன்று கொடுத்தார்கள்: மிகச் சிறப்பு, நன்று, மேம்பாடு தேவை, போதாது. மூன்றாவது சொல் 2012 வரை 'திருப்திகரம்' என்று இருந்தது. திருப்தி என்றால் திருப்தி இல்லை என்று அந்த வருஷம்தான் முடிவு செய்தார்கள் போலிருக்கிறது.

அப்போதெல்லாம் முதல் சொல் கிடைத்த பள்ளி, இரும்புக் கிராதியில் பெரிய பேனர் கட்டிவிடும். வீட்டுத் தரகர்கள் அதை விளம்பரத்தில் போடுவார்கள். பக்கத்துத் தெருக்களில் வீட்டு விலை ஏறும். இன்னொரு வேடிக்கையும் நடந்தது. 2012 முதல் 2020 வரை அந்தச் சொல் கையிலிருந்த பள்ளிகளுக்கு வழக்கமான ஆய்விலிருந்தே விலக்கு. விலக்கு போன பிறகு திரும்பப் போய்ப் பார்த்தார்கள். 2021-22-ல் அப்படிப் பார்த்த பள்ளிகளில் ஐந்தில் நான்குக்கு மேல் அந்தச் சொல்லை இழந்தன. அத்தனை காலமும் பெற்றோர் பேனரைப் பார்த்துத்தான் வீடு வாங்கிக்கொண்டிருந்தார்கள்.

ரீடிங் நகரின் கேவர்ஷம் தொடக்கப் பள்ளியும் 2009-லிருந்து 'மிகச் சிறப்பு'. 2022 நவம்பரில் ஆய்வாளர்கள் வந்தார்கள். மற்ற எல்லாப் பிரிவிலும் 'நன்று' கிடைத்தது. குழந்தைகளின் பாதுகாப்பு குறித்த பதிவுகளிலும் பயிற்சியிலும் குறை என்று தலைமைப் பொறுப்புக்கு மட்டும் 'போதாது'. அந்த ஒரு கட்டத்தில் விழுந்தால் மொத்தப் பள்ளியும் 'போதாது' என்பது அப்போதைய விதி. தலைமையாசிரியை ரூத் பெர்ரி, சிறு வயதில் அதே பள்ளியில் படித்தவர். அறிக்கை வெளியாகும் வரை முடிவை ரகசியமாக வைத்திருக்க வேண்டிய நிலை அவருக்கு. 2023 ஜனவரியில் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். ஆய்வும் அந்தச் சாவுக்கு ஒரு காரணம் என்று அந்த டிசம்பரில் மரண விசாரணை அதிகாரி தீர்ப்புச் சொன்னார். இதற்கிடையே அதே பள்ளியை மறுபடி ஆய்வு செய்து 'நன்று' என்று எழுதிவிட்டிருந்தார்கள். அதுவும் 2023-க்குள்ளேயே.

பாதுகாப்புக் குறையைக் கண்டும் காணாமல் போக வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அதைத் திருத்தச் சொல்ல ஒரு பள்ளியின் நெற்றியில் முத்திரை குத்த வேண்டியதில்லை, அவ்வளவுதான்.

2024 செப்டம்பரில் ஒற்றைச் சொல்லை எடுத்தார்கள். 2025 நவம்பரிலிருந்து அறிக்கை அட்டை. பாடம், சாதனை, வருகையும் நடத்தையும், யாரையும் ஒதுக்காமல் சேர்த்துக்கொள்வது என்று தனித்தனிக் கட்டங்கள். ஒவ்வொன்றுக்கும் ஐந்து படிகள், ஐந்து நிறங்கள். பாதுகாப்பு தனியாக, உண்டு அல்லது இல்லை என்று. போன் இப்போது திங்கட்கிழமைகளில்தான் வருகிறது. முன்பு தலைமையாசிரியர்கள் அதற்காக வாரத்தில் பல நாள் காத்துக் கிடந்தார்கள்.

இதுவும் பழைய வழக்கத்தின் புதுச் சட்டைதான். 1862-ல் இங்கிலாந்தில், ஆய்வாளர் வைக்கும் பரீட்சையில் பிள்ளைகள் தேறினால்தான் பள்ளிக்கு முழு மானியம் என்று விதி கொண்டுவந்தார்கள். கவிஞர் மாத்யூ ஆர்னால்டு அப்போது பள்ளி ஆய்வாளர். 35 வருஷம் அந்த வேலையில் இருந்தவர். இந்த விதி பள்ளியைக் கெடுக்கும் என்று அரசுக்குத் தந்த அறிக்கையிலேயே எழுதினார். விதி அதற்குப் பிறகும் பல வருஷம் நீடித்தது. நம்மூருக்கு 'இன்ஸ்பெக்‌ஷன்' வந்ததும் ஆங்கிலேயர் வழியாகத்தான். இந்தியக் கல்வி பற்றிய 1854-ஆம் ஆண்டின் வுட் அறிக்கை, மானியம் வேண்டுமானால் ஆய்வுக்கு இடம் கொடு என்றது. எங்கள் பள்ளி உருண்டை பீரோவை விட்டு வெளியே வந்ததற்குப் பின்னால் இவ்வளவு இருக்கிறது.

ஆய்வாளர்களை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. ஒற்றைச் சொல் நமக்குத்தான் வேண்டியிருக்கிறது. இங்கே தமிழ்நாட்டில் 2017-ல் பொதுத்தேர்வு ராங்க் பட்டியலை நிறுத்தினார்கள். பள்ளி வாசல் பிளெக்ஸ் நின்றதா? லண்டனிலும் பச்சைக் கட்டம் எத்தனை என்று எண்ணத் தொடங்கிவிடுவார்கள். என் அண்ணன் மகளே எண்ணுவாள்.

"போன வருஷம் எத்தனை டீச்சர் வேலையை விட்டுப் போனாங்கன்னு கேளும்மா" என்றேன்.

பத்து நாள் கழித்துக் கூப்பிட்டாள். "மூணு பேர் சித்தப்பா. ஹெட் டீச்சரே சொன்னாங்க. ஏன் போனாங்கன்னும் சொன்னாங்க."

விண்ணப்பத்தில் முதல் இடத்தில் அந்தப் பள்ளியைத்தான் போட்டிருக்கிறாள். அதற்குப் புது அட்டை இன்னும் வரவில்லை. எந்தத் திங்கட்கிழமையும் போன் வரலாம்.